அம்மா பெயரில் ஒரு பாஸ்புக்

மூன்றாமாண்டு அமைப்பியல் மாணவி



ஆண்டு மலருக்குப் படைப்புகள் தாருங்கள் என்று பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து சொன்னபோது, எல்லோரையும் போல நானும் கவிதைதான் எழுத நினைத்தேன். நம் மலரில் கவிதைக்குப் பஞ்சம் இல்லை. அதிலும் அம்மாவைப் பற்றிய கவிதைக்குப் பஞ்சமே இல்லை. நானும் அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இது கவிதை அல்ல. தாத்தா விட்டுப்போன பணத்தில் எங்கள் அம்மாவின் பங்காக வந்த 90,000 ரூபாயை எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்று நான்கு மாதம் நாங்கள் அலைந்த கதை. நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாளைக்கு உங்கள் வீட்டிலும், "நீதான படிச்ச பிள்ள, என்னன்னு பாரு" என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுப்பார்கள். அப்போது இது உதவலாம்.

எங்கள் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா வலையங்குளம் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே போய்ப் பூப் பறிக்கிறார். கூலி அன்றன்றைக்குக் கையில் ரொக்கம். அதனால் அவருக்கு வங்கிக் கணக்கு என்று ஒன்று இருந்ததே இல்லை. நமக்கெல்லாம் அப்படி அல்ல. புதுமைப்பெண் திட்டம் 2022-லும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. மாதம் 1,000 ரூபாய் நேராகக் கணக்குக்கே வருகிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது தெருவில் பாதிப் பெண்கள் கணக்குத் தொடங்கினார்கள். அம்மா விண்ணப்பமே போடவில்லை. "ரேசன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. யாரு அலையிறது" என்று விட்டுவிட்டார்.

உசிலம்பட்டி பக்கத்துத் தாத்தா போன வருடம் தவறிப்போனார். அந்தக் காலத்தில் மதுரையில் மில் வேலை பார்த்து, சேர்த்த பணத்தில் 60 சென்ட் புஞ்சை வாங்கியிருந்தார். வங்கியில் 2,70,000 ரூபாய் வைப்புத்தொகை. பாட்டி முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: பெரிய மாமா, அம்மா, சின்ன மாமா.

இங்கேதான் முதல் கேள்வி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு உண்டா? காரியம் முடிந்த அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் சட்ட நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். "சீர் செனத்தி செஞ்சாச்சுல்ல, அதுதான் பங்கு" என்றார் ஒருவர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் தானே சம்பாதித்த சொத்தில் மகன், மகள், மனைவி, அவருடைய தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. சீர் செய்ததைக் கழிக்கச் சொல்லி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. பூர்வீகச் சொத்துக்குத்தான் வேறு கணக்கு இருந்தது. தமிழ்நாடு 1989-ல் சட்டத்தைத் திருத்திப் பெண்ணுக்கும் பிறப்பால் பங்கு தந்தது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்பே திருமணம் ஆனவர்களுக்கு இல்லை என்றது. 2005-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு அந்த வேறுபாடு போனது. 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்துக்கும், தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. (கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்களுக்குச் சட்டம் வேறு, அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

காகிதங்களில் முக்கியமானவை இரண்டு. இறப்புச் சான்றிதழ் ஒன்று. இறந்த 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் சிரமமே இல்லை. மற்றது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் தருவார். விண்ணப்பம் எழுதும்போது பக்கத்திலேயே இருங்கள்! மையத்தில் இருந்தவர் "ஆம்பளப் பிள்ளைங்க ரெண்டு பேரு" என்று தட்டச்சு செய்யத் தொடங்கினார். "பொண்ணு ஒண்ணு இருக்குண்ணே" என்று நான் சொன்னேன். அவர்மேல் தப்பில்லை. அப்படித்தான் கேட்டுப் பழக்கம்.

வங்கிப் பணத்துக்குத் தாத்தா பெரிய மாமாவை நாமினியாகப் போட்டிருந்தார். நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் நாமினி. வாங்கியவர் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வங்கி வைப்புத்தொகை பற்றி 2010-ல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. (இன்சூரன்ஸ் பாலிசியில் மட்டும் கொஞ்சம் மாறும். 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே.) நாமினி இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. ஆவணங்கள் எல்லாம் கொடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாமினியே இல்லாவிட்டாலும், 2025-ல் வந்த விதிப்படி வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை கோர்ட்டுச் சான்றிதழ் கேட்காமல் தீர்க்க வழி இருக்கிறது.

பெரிய மாமா நல்ல மனிதர். பணம் வந்த வாரமே அம்மா பெயருக்கு 90,000 ரூபாய்க்குக் காசோலை எழுதி, மேலே இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தார். "இந்தா தாயி, ஒன் அக்கவுண்டுல போட்டு அம்மாவுக்குக் குடு" என்று என்னிடம்தான் நீட்டினார்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காசோலை என் பையில் இருந்த அன்று இரவு நான் தூங்கவில்லை. அம்மாவுக்குக் கணக்கு இல்லை, என் கணக்கில்தான் போட வேண்டும், அட்டை என்னிடம்தான் இருக்கிறது. தேர்வுக் கட்டணம் போக, டிசைன் வரைய ஒரு பழைய லேப்டாப் வாங்கினால் 25,000 ரூபாய். மீதியை அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம். திருட்டு என்ற எண்ணமே வரவில்லை. "நம்ம வீட்டுப் பணம்தானே" என்றுதான் தோன்றியது. மறுநாள் என் வங்கியில் செலுத்துச் சீட்டில் என் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் காசோலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒங்க அம்மா பேர்ல இருக்கேம்மா. கோடு போட்ட செக். அவங்க கணக்குலதான் போடணும். மக கணக்குல போட முடியாது" என்றார்.

"எங்க அம்மாதான் சார், வேற யாரோ இல்ல."

"அதுக்குத்தான்மா அந்தக் கோடே!"

பணம் யாருக்கோ அவருடைய கணக்குக்கு மட்டும் போகும்படி செய்யத்தான் அந்த இரட்டைக் கோடும், 'பெறுபவர் கணக்கில் மட்டும்' என்ற எழுத்தும். வேறு எவர் கணக்கிலும் அதை வசூலித்துப் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தடை போட்டிருக்கிறது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாவின் பணத்துக்கு என்னிடமிருந்தே காவல் போட்டிருக்கிறார்கள்!

வீட்டில் சொன்னேன். அப்பா, "மாமன்கிட்டச் சொல்லி ஏம் பேருக்கு மாத்தி எழுதச் சொல்லு" என்றார். சின்ன மாமா, "ரொக்கமா எடுத்துத் தந்துட்டா முடிஞ்சது" என்றார். அம்மா சுவரில் சாய்ந்து பூத் தொடுத்துக்கொண்டே, "எனக்கு ஒரு கணக்கு ஆரம்பிக்க முடியாதா?" என்று கேட்டார். அதுவரைக்கும் யாருக்கும், எனக்கும்கூட, அது தோன்றவே இல்லை.

முடியும். கட்டாயம் முடியும். குறைந்தபட்ச இருப்பு எதுவும் வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று எல்லா வங்கிகளிலும் உண்டு. 2014 ஆகஸ்ட் 28-ல் தொடங்கிய ஜன்தன் திட்டக் கணக்கும் அந்த வகைதான். நாங்கள் போன முதல் வங்கியில் (பெயர் வேண்டாம்) 'குறைஞ்சது ரெண்டாயிரம் கட்டணும், கூடவே ஒரு இன்சூரன்ஸ் போட்டுக்கங்க' என்றார்கள். 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வேண்டும்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கிற விதத்தில் இருக்கிறது.

இரண்டாவது வங்கியில் மேலாளர் அம்மா நிதானமாகப் பேசினார். ஆனால் அங்கேயும் மூன்று முடிச்சுகள்.

முதல் முடிச்சு, விரல். கருவியில் அம்மாவின் ரேகை விழவே இல்லை. இடது கை, வலது கை, பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. பனியில் நனைந்து காம்பு கிள்ளிக் கிள்ளித் தேய்ந்துபோன விரல். அம்மா பயந்து, "அப்ப எனக்குக் கெடையாதா?" என்றார். ரேகை விழாவிட்டால் கணக்கு இல்லை என்று ஆகாது. ஆதார் அட்டை நகலை அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் காகித விண்ணப்பத்திலேயே தொடங்கலாம். ஆதார் வேண்டாம் என்றால் வாக்காளர் அட்டை, 100 நாள் வேலை அட்டைகூடச் செல்லும். பான் கார்டு இல்லாதவர்களுக்கு அதற்கென ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது.

இரண்டாவது, பெயர். ரேஷன் கார்டில் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' உண்டு, ஆதாரில் இல்லை. வாக்காளர் அட்டையில் தாத்தாவின் முதலெழுத்து. ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து. மாமா காசோலையில் எழுதியிருந்ததோ வீட்டில் கூப்பிடுகிற பெயர்! உடனே ஆதாரைத் திருத்த ஓடப் போனேன். மேலாளர் தடுத்தார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அவசரப்பட்டு ஒன்றை வீணாக்காதே என்றார். ஆதாரில் உள்ளபடியே கணக்கைத் தொடங்கிவிட்டு, அதே பெயருக்கு மாமாவை வேறு காசோலை எழுதச் சொல்வதுதான் சுலபம். முதலில் கணக்கு, பிறகு காசோலை. நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம். காசோலைக்கு ஆயுசு 3 மாதம்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

மூன்றாவது முடிச்சு வதந்தி. 'ஜன்தன் கணக்குல அம்பதாயிரத்துக்கு மேல போட முடியாது' என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். பாதி உண்மை. எந்த அடையாள ஆவணமும் இல்லாமல், அதிகாரி முன்னிலையில் போட்டோ ஒட்டிக் கைநாட்டு வைத்துத் தொடங்கும் 'சிறு கணக்கு' என்று ஒன்று இருக்கிறது. அதில்தான் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வருட வரவு 1 லட்சம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. ஆவணம் கொடுத்துத் தொடங்கிய கணக்குக்கு இந்தக் கட்டு இல்லை. அம்மாவுக்கு வரப்போவது 90,000 என்பதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது நல்லதாயிற்று.

விண்ணப்பத்தில் செல்போன் எண் கேட்ட இடத்தில் நான் என் எண்ணை எழுதப் போனேன். அம்மா தன் பட்டன் போனை எடுத்து நீட்டினார். மேலாளர் சிரித்துவிட்டு, "அதுதான் சரி" என்றார். கணக்கு யார் பெயரில் இருந்தாலும், குறுஞ்செய்தியும் ரகசிய எண்ணும் யார் போனுக்கு வருகிறதோ அவர் கையில்தான் பாதிச் சாவி. ஏ.டி.எம். அட்டை வேண்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்மா. அது வந்தா நம்பரு வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றார் அம்மா. என்னையும் அப்பாவையும் பார்க்காமல் சொன்னார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து கூட்டுக் கணக்காகத் தொடங்கலாமா என்றும் கேட்டேன். தொடங்கலாம். ஆனால் 'இருவரில் எவரேனும்' என்று போட்டுவிட்டால் அம்மாவைக் கேட்காமலே நான் முழுவதையும் எடுத்துவிடலாம். அம்மாவுக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலர் அப்படிச் செய்கிறார்கள். வங்கிக்கு வரமுடியாத நோயாளியாக இருந்தாலும், இரண்டு சாட்சிகள் (ஒருவர் வங்கி அதிகாரி) முன்னிலையில் கைநாட்டு வாங்கிப் பணம் தர விதி இருக்கிறது என்று மேலாளர் விளக்கினார். அம்மா தனிக் கணக்கே போதும் என்றுவிட்டார். கைநாட்டுக் கணக்கென்றால் பொதுவாகக் காசோலைப் புத்தகம் தரமாட்டார்கள். பாஸ்புக்கோடு நேரில் போக வேண்டும். அது அம்மாவுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பண விவகாரம் தெரியாது என்று நினைக்கிறவர்களுக்கு நம் மதுரையிலேயே பதில் இருக்கிறது. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடம் போகாமல் வயல் வேலை பார்த்தவர். களஞ்சியம் சேமிப்புக் குழுக்களில் சேர்ந்து, ஆயிரக்கணக்கான பெண்களின் பணத்துக்குத் தலைமையேற்று நடத்தியவர். 2001-ல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. எங்கள் அம்மாவும் பூக்காரப் பெண்களின் சீட்டுக் கணக்கை எத்தனையோ வருடமாக மனதிலேயே வைத்திருக்கிறார். யார் எத்தனை வாரம் பாக்கி என்று கேட்டால் உடனே சொல்வார். நான் இரண்டாம் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தவள்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பத்திரம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா முத்திரைத்தாளோடு வந்தார். "அக்கா, பேங்குப் பணம் வாங்கிட்டேன்னு ஒரு ரேகை வச்சுக் குடு. நாமினி அண்ணனுக்கு ஒரு ஆதாரம் வேணும்ல" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அம்மா மைப்பெட்டியில் விரலை வைத்துவிட்டார். நான் சும்மா வாங்கிப் பார்த்தேன். நண்பர்களே, நம் சர்வே பாடம் எதற்கு உதவும் என்று கேலி பேசியிருக்கிறோம். பணம் பெற்றுக்கொண்ட ரசீதில் சர்வே எண் எதற்கு? உட்பிரிவு எண் எதற்கு? நான்கு எல்லை எதற்கு? மூன்றாவது பக்கத்தில், 'மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை விடுதலை செய்து' என்று இருந்தது. 90,000 ரூபாயை வாங்கிக்கொண்டு 60 சென்டில் தன் பங்கையும் விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம்!

"மாமா, இது என்ன மாமா?" என்று கேட்டேன். "பத்திரம் எழுதுறவர் எழுதுனதுத்தா, எனக்கு என்ன தெரியும்" என்றார். இருக்கலாம். மாமாவும் எட்டாவதுதான். நிலத்தின் பங்கை விடுவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகாமல் செல்லாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் ரேகை வைத்த தாள் ஒன்று வெளியே போனால் வம்புக்கு அதுவே போதும்.

அம்மா மை விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். சத்தம் போடவில்லை. "நெலத்த நான் கேக்கலடா. கேட்டிருந்தா ஒனக்கே குடுத்திருப்பேன். கேக்காம எடுக்கப் பாத்தியே" என்றார். மாமா தாளை மடித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார். அம்மா அன்று முழுவதும் அழுதார். பங்கு கிடைத்த சந்தோஷத்தைவிடத் தம்பி சாப்பிடாமல் போன துக்கம்தான் பெரிதாக இருந்தது. இதை எந்தச் சட்டப் புத்தகத்தில் தேடுவது? வாரிசுச் சான்றிதழை வைத்து மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பிறகு அம்மா தன் பங்கைத் தம்பிக்குக் கொடுத்தாலும் கொடுப்பார். அது அவர் இஷ்டம்.

பெரிய மாமா புதுக் காசோலை எழுதித் தந்தார். மூன்றாம் நாள் பணம் ஏறிவிட்டது. வரி ஏதும் பிடிப்பார்களோ என்று அப்பா கவலைப்பட்டார். வாரிசாக வரும் பணத்துக்கு நம் நாட்டில் வரி இல்லை. இருந்த வரியையும் 1985-ல் எடுத்துவிட்டார்கள். வட்டி மட்டும் வருமானக் கணக்கில் சேரும். அம்மா தன் கணக்குக்கு நாமினி போட்டபோது எங்கள் இரண்டு பேர் பெயரையும், எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக, எழுதச் சொன்னார். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை போடலாம்.

இன்னொரு சேதி. தாத்தாவின் தகரப் பெட்டியைப் போல உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பாஸ்புக் ஏதாவது கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் 'பாங்க் ஆஃப் மதுரா' என்று இருந்தால் வங்கியே இல்லையே என்று நினைக்க வேண்டாம். கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-ல் நம் ஊரில் தொடங்கிய அந்த வங்கி 2001-ல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்துவிட்டது, அங்கே விசாரிக்கலாம். பத்து வருடம் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். ஆனால் வாரிசுகள் கேட்டால் வங்கி மூலமாகத் திரும்பக் கிடைக்கும். எந்த வங்கியில் இருக்கிறது என்று பெயரை வைத்துத் தேட 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியிருக்கிறது.

பணம் ஏறிய மறுநாள் அம்மா பூத் தோட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். 500 ரூபாய் எடுக்க வேண்டும் என்றார். எடுத்து எண்ணிப் பார்த்தார். வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பு வரை நடந்து, நின்று, திரும்பவும் உள்ளே போய் 500 ரூபாயையும் கட்டச் சொன்னார். "என்னம்மா, எதுக்கு எடுத்த?" என்று கேட்டேன். "குடுக்குறாங்களான்னு பாத்தேன்" என்றார். பாஸ்புக்கை மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். லேப்டாப் விஷயத்தை இன்னும் நான் அவரிடம் பேசவில்லை.